மகள் வீட்டுக்கு ஐம்பது நிமிடம்

அத்தான் போய் இரண்டு வருடம் ஆகிறது. இறந்த மனுஷனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று எங்கள் சபைப் பெண்கள் கேட்கிறார்கள். நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். அப்போதும் அவர் காதில் ஏறவில்லை. இப்போது ஏறாததற்காவது நல்ல காரணம் இருக்கிறது.

அத்தான் என்றால் என் ஒரே அக்காவின் கணவர். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு சரக்கேற்றும் கம்பெனியில் முப்பது வருடம் பிளானராக இருந்தார். எந்தச் சரக்கு கப்பலின் எந்த அறையில், எந்த வரிசையில், எந்த நேரத்தில் இறங்க வேண்டும் என்று பெரிய தாளில் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கொடுக்கிற வேலை. அவர் படம் போட்ட கப்பல் ஒன்றுகூடப் பிந்திக் கிளம்பியதில்லையாம். இதை அவர் சொல்லி நான் முந்நூறு தடவையாவது கேட்டிருப்பேன். கப்பலோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. மனுஷர்களையும் அதே தாளில் ஏற்றினார்.

காரில் குடும்பத்தோடு பக்கத்தில் இருக்கிற நாசரேத் ஊருக்குப் போனால் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எடையைப் பார்த்துச் சொல்வார். நாலு பேர் நிற்கும்போதே, "ஏளா, நீ இப்ப எம்புட்டு?" என்று கேட்பார். சொல்லாவிட்டால் அவரே ஒரு கணக்கு வைத்துக்கொள்வார். அது எப்போதும் ஐந்து கிலோ கூடுதலாகவே இருக்கும். என் கல்யாணத்தில் பத்து நாற்பதுக்கு மாலை மாற்றியாக வேண்டும் என்று எங்கள் சபைப் போதகர் ஐயரின் ஜெபத்தையே அத்தான் பாதியில் நிறுத்தப் பார்த்தார். ஐயர் கண்ணைத் திறக்காமலே இன்னும் சத்தமாக ஜெபித்தார். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஐயரை எனக்குப் பிடிக்கும்.

அவர் வாயில் எப்போதும் ஒரே கேள்விதான். "சரி, அடுத்து?" பியூலா பிறந்தாள் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து சொன்னபோது அவர் கேட்டது அதுதான். பியூலா அவருடைய ஒரே மகள். நர்ஸ் பாவம், இரட்டைப் பிள்ளை எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இல்ல சார், ஒண்ணுதான்" என்றாளாம்.

கோயில் அசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒருநாள் சபை முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு. ஏழை பணக்காரன் இல்லாமல் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலையில் என்ன விழுகிறது என்று பார்த்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டு சாப்பிட வேண்டும். அதற்குத்தான் அசனம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அத்தான் அசனக் கமிட்டிக்குள் புகுந்தார். ஒரு பந்திக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதி ஒட்டினார். கழுத்தில் விசில். பன்னிரண்டாவது நிமிடம் விசில் ஊதுவார், இலையை எடுக்க ஆட்கள் ஓடி வருவார்கள். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், எண்பது வயது, ரசத்துக்குச் சோற்றைக் குழி பண்ணி வைத்துக் காத்திருந்தார். ரசம் வருமுன் விசில் வந்துவிட்டது.

"ஏலே, கூறுகெட்ட பயலே, நான் என்ன கப்பலா?" என்று கத்தினார் வாத்தியார்.

அத்தான் அசையவில்லை. அன்றைக்கு மொத்தப் பந்தியும் சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே முடிந்தது. கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு பாதி சபை ஓட்டலுக்குப் போய்ப் பரோட்டா தின்றது. அத்தானுக்கு அடுத்த வருடமும் கமிட்டியில் இடம் கிடைத்தது. இதுதான் எங்கள் சபை.

பியூலா நர்சிங் படித்துவிட்டுப் பின்லாந்துக்குப் போனாள். அந்த நாட்டின் வடக்கே ஒரு சிற்றூரில் முதியோர் இல்லத்தில் வேலை. போய் நாலு வருடம் ஊருக்கு வர முடியவில்லை. முதலில் மொழிப் பரீட்சை, பிறகு லீவு இல்லை, பிறகு விசா புதுப்பிக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து மகளோடு சாப்பிடுவாள். இங்கே மத்தியானம், அங்கே காலை. அவள் ரொட்டி தின்பதை இவள் பார்ப்பாள், இவள் சோறு தின்பதை அவள் பார்ப்பாள். அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையை நேரில் பார்த்து, பக்கத்தில் இருத்தி ஒருவேளைச் சோறு கொடுக்க வேண்டும்.

"போவோம்" என்றார் அத்தான் ஒருநாள். அக்கா அழுதேவிட்டாள். அழுது முடிப்பதற்குள் அவர் தாளை விரித்துவிட்டார்.

அவர் சின்ன கிளார்க்காக இருந்த காலத்தில் வடக்கு நாட்டிலிருந்து காகிதம் ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் வந்திருந்தது. அதன் கேப்டன் ஒரு காலண்டர் கொடுத்தார். அதில் ஒரு பக்கத்தில் பனிக்காட்டு நடுவே சிவப்பாக ஒரு வண்டி. சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர் பட்டை. ஸ்கூட்டரில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து பனி மேல் ஓட்டுவார்கள், பெயர் ஸ்னோமொபைல். "எங்கள் குளிரை உங்களால் அரை நாள் தாங்க முடியாது" என்று கேப்டன் சிரித்தாராம். அந்தச் சிரிப்பை அத்தான் முப்பத்தைந்து வருடம் நெஞ்சில் வைத்திருந்தார். காலண்டரின் அந்த ஒரு பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தார். எங்கள் அப்பா படத்துக்குக்கூட அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஆகவே, மகளைப் பார்க்கப் போகிற பயணம் ஐந்து நாள் ஸ்னோமொபைல் சுற்றுப்பயணம் ஆனது. காட்டுக்குள் குறியிட்ட தடம் இருக்கிறதாம். தினம் நூறு, நூற்றிருபது கிலோமீட்டர், ராத்திரி மரவீட்டில் தங்கல், கூட ஒரு வழிகாட்டி. ஒரு வண்டி நின்றுபோனால் இன்னொன்று வேண்டும் என்பதால் இரண்டு வண்டி. ஒன்றில் அத்தான், பின்னால் அக்கா. இரண்டாவதை ஓட்ட லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் வேண்டும். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஸ்கூட்டர் ஓட்டுகிறவள், கார் லைசென்சும் இருந்தது. அதுதான் நான் செய்த பாவம்.

ஆறு மாதம் திட்டம் போட்டார். நாலு நிறத்தில் பேனா. எந்த இடத்தில் பெட்ரோல், எந்த இடத்தில் மூத்திரம், எந்த ஏரியைக் காலையில் தாண்ட வேண்டும், எல்லாம் கட்டத்தில் இருந்தது. வண்டிக்கு எவ்வளவு பாரம் என்று தெரிய வேண்டும் என்றார். வீட்டில் எடை பார்க்கிற மிஷின் இருந்தது. அதன் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. பைபாஸ் ரோட்டில் லாரிகளை நிறுத்துகிற எடை மேடைக்குக் கூட்டிப் போனார். புரட்டாசி வெயில், மத்தியானம் பன்னிரண்டு மணி. பனிக்கோட்டு, பனிக்கால்சட்டை, முழங்கால்வரை பூட்சு, ஹெல்மெட். நிலக்கரி லாரிகள் வரிசையில் நிற்க, நாங்கள் ஒவ்வொருவராக ஏறி நின்றோம்.

"அண்ணாச்சி, இவிய என்ன லோடு?" என்று ஒரு டிரைவர் கேட்டான்.

மேடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், இது பத்துப் பத்தாத்தான் காட்டும். லாரிக்கு உள்ளதுல்லா" என்றார். அக்கா அறுபது, நான் எழுபது, அத்தான் எண்பது. மூன்று சீட்டையும் வாங்கிப் பத்திரமாகத் தாளோடு பின் போட்டுக்கொண்டார். கிராம் கணக்குப் பார்த்துக் கப்பல் அனுப்பினவராம்! நல்ல கூத்து.

பிறகு குளிர்ப் பயிற்சி. அவருக்குத் தெரிந்த ஒருவர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தார். அங்கே மைனஸ் பதினெட்டு டிகிரி கிடங்கில், இறால் பெட்டிகளுக்கு நடுவே எங்களை இருபது நிமிடம் நிறுத்தினார். பெட்டி அடுக்குகிற பெண்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். "ஏளா, எந்த ஊருக்கு எக்ஸ்போர்ட்டு ஆவுறாவ?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. எனக்குப் பற்களெல்லாம் தாளம் போட்டன. அத்தான் கையில் நிறுத்துக் கடிகாரம். அக்கா மட்டும் சுவரைப் பார்த்து நின்றாள். வெளியே வந்ததும் கேட்டேன், "என்னக்கா, ரொம்பக் குளிருதா?"

"இந்தக் குளிர்லயா ளா எம்பிள்ள நாலு வருசமா கெடக்கா" என்றாள்.

அத்தான் குறிப்பில் எழுதினார்: கையுறை போதாது.

அந்தத் தாளை நான் முழுதாகப் பார்த்தது கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால். முதல் நாள், இரண்டாம் நாள் என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் நாள் மத்தியானக் கட்டத்தில் பச்சை மையில் இருந்தது: பெட்ரோல், கழிவறை, மகள். ஐம்பது நிமிடம்.

"இது என்ன அத்தான்?"

"அது அவ இருக்க ஊரு. தடம் அவ வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர்லதான் போவுது. அழகா வாய்ச்சிருக்கு பாத்தியா?"

"வேற என்னைக்கு அவகூட இருக்கோம்?"

"வேற எதுக்கு? அஞ்சாம் நாள் முடிஞ்சதும் பிளேன். வந்த மறுநாள் அசனக் கமிட்டி."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "நீங்க மனுசன்தானா? நாலு வருசம் பாக்காத பிள்ளைக்கு அம்பது நிமிசமா? அசனக் கமிட்டி உங்க தலையிலயா நிக்கி?" என்று கத்தினேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத இன்னொன்று. பொறுமையாக விளக்கினார். "பிள்ளைய எப்ப வேணும்னாலும் பாக்கலாம் ளா. பனி ஏப்ரல்ல போயிரும்."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வுடு ளா. அம்பது நிமிசமாது கெடைக்குல்லா" என்றாள். அவளைத் திருத்த என்னாலும் முடியாது, கர்த்தராலும் முடியாது.

போனோம். பனியைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை. வெள்ளையாக இருந்தது. முதுகு ஒடிந்தது. வழிகாட்டி நல்ல பையன். அவன் முன்னால் போவான், அடுத்து அத்தானும் அக்காவும், கடைசியில் நான். நல்ல காட்சி வந்தால் நிற்போம் என்று அவன் சைகை காட்டுவான். அத்தான் கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். இரண்டே நாளில் அவனும் விசிலுக்குப் பயந்த எங்கள் அசனப் பந்தி மாதிரி ஆகிவிட்டான்.

மூன்றாம் நாள் சொன்ன நேரத்துக்குப் பியூலா இருக்கிற ஊர். பெட்ரோல் போட்டு, அவள் வீட்டு வாசலுக்குப் போனோம். தரைத்தளத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவைத் திறந்தவள் ரொம்ப மெலிந்திருந்தாள். அன்றைய பகல் வேலையை இன்னொருத்தியிடம் மாற்றி, அதற்குப் பதிலாக முந்தின ராத்திரி முழுக்க வேலை பார்த்து, தூங்காமல் வந்து சமைத்திருந்தாள். மேசையில் நாலு தட்டு. ஊரிலிருந்து பார்சலில் அனுப்பிய மசாலாவில் மீன் குழம்பு. அந்த வாசம் வாசல்வரை வந்தது.

இங்கேதான் அந்த மகா பிளானரின் பிளானில் ஓட்டை தெரிந்தது. அந்தப் பனி உடுப்பு முழுவதையும் கழற்றப் பதினைந்து நிமிடம், திரும்ப மாட்டப் பதினைந்து நிமிடம். எடை மேடையில் ஏறி நின்ற மனுஷன் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐம்பதில் முப்பது அதிலேயே போய்விடும். வாசலில் நின்றபடியே அவருக்கும் இது புரிந்தது. உடனே வழியும் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரும் கழட்டாண்டாம்! அப்படியே நின்னு பேசிட்டுக் கெளம்பிருவோம்."

அக்கா ஹெல்மெட்டோடே மகளைக் கட்டிப்பிடித்தாள். இடித்துவிடுமோ என்று பயந்து பியூலா தலையைச் சாய்த்துக்கொண்டாள். பஞ்சு மூட்டை மாதிரி இருந்த அந்தக் கோட்டுக்குள் அக்காவின் உடம்பு எங்கே இருக்கிறது என்று அவள் கை தேடிற்று.

"அப்பா, உள்ள வாங்க. சாப்பிடுங்க" என்றாள் பியூலா.

"சாப்பாடு அடுத்த ஸ்டாப்புலம்மா. கழிவறை எங்க இருக்கு?"

நாலு வருடம் கழித்து மகளைப் பார்த்த தகப்பன் கேட்ட முதல் கேள்வி அது. பூட்சோடு உள்ளே போய்விட்டு வந்தார். பிள்ளை துடைப்பம் எடுத்து வந்து அவர் கால் வைத்த இடத்தில் உதிர்ந்த பனியைக் கூட்டினாள். வேலை எப்படி, சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று வாசலில் நின்று கேட்டார். அவள் சொன்னாள். "சரி, அடுத்து?" என்றார்.

அப்போதுதான் அக்கா வாசல் மிதியடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். வலது பூட்சின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"ஏளா, கழட்டாத! திரும்ப மாட்ட நேரம் இல்ல."

வலது பூட்சு வந்தது. இடது பூட்சு வந்தது. கோட்டு, கால்சட்டை, இரண்டு ஜோடி காலுறை. உள்ளே நாசரேத்தில் தைத்த பழைய பூப்போட்ட சுடிதாரோடு எழுந்தாள். இரண்டு பூட்சையும் எடுத்து மகளின் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள். உடுப்பை மடித்து என் கையில் கொடுத்தாள். நேரே அடுப்படிக்குப் போய்ச் சோற்றுச் சட்டியைத் திறந்து பார்த்தாள். அப்போதுதான் பியூலா சுவரில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதாள்.

அக்கா விசா முடியும்வரை அங்கேயே இருந்தாள். அது அவள் கதை, நான் சொல்ல வந்தது அத்தானைப் பற்றி. அவர் கூச்சல் போடவில்லை, கெஞ்சவுமில்லை. ஐம்பதாவது நிமிடம் வந்ததும் வெளியே போய் வண்டியைக் கிளப்பினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நானும் வெளியே போனேன். இரண்டு வண்டியையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் அல்லவா என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து கிலோமீட்டர் போயிருப்போம். நடுக்காட்டில் அத்தான் வண்டியை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். இறங்கி என்னிடம் நடந்து வந்து ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினார். திரும்பிவிடுவோம் என்று சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன்.

"பிள்ள அழுதாளா?" என்றார்.

"நீங்க அங்கனதான நின்னிய?"

"நான் வாச்சைல்லா பாத்துக்கிட்டு நின்னேன்."

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

"அழுதா அத்தான். திரும்பினா ஏழெட்டு நிமிசந்தான்."

அவர் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார், இல்லையென்று சொல்லமாட்டேன். வளைவில் காத்திருந்த வழிகாட்டி, என்ன ஆயிற்று என்று கையைத் தூக்கிக் கேட்டான்.

"அடுத்த ஸ்டாப்புல நமக்குன்னு சூப்பு வச்சிருப்பான்" என்றார் அத்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

என் வண்டி என் கையில் இருந்தது. வழியும் தெரியும், எங்கள் தடம் பனியில் அப்படியே கிடந்தது. முப்பது வருடம் அவரை வாய் கிழியப் பேசினவள் நான். அவர் பின்னாலேயே வண்டியை விட்டேன். சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சூப்பு தயாராக, சூடாக இருந்தது. நானும் குடித்தேன்.